வெள்ளைக்காரத் தாத்தா கேட்ட தண்ணீர்

நம் நர்சிங் கல்லூரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு பிள்ளை நோயாளியைச் சாகவிட்டுக்கொண்டிருந்தால், ஓடிப்போய் அவள் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காதீர்கள். புதிதாக ட்யூட்டர் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் புத்தி இதுதான். இதைக் கேட்டு நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வீர்கள். ரிட்டயர் ஆனதும் இந்த அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். வார்டிலும் வகுப்பிலும் வாழ்நாள் முழுக்கக் கத்திக் கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள் நான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட நானே சும்மா இருக்கச் சொல்கிறேன் என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அறை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் தாளாளருக்கு ஜவுளி வியாபாரம். ஊருக்கே அவர் அண்ணாச்சி. வெளியூரில் ஏதோ ஒரு கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தவர், பழைய லேபில் புது கம்ப்யூட்டர்களை இறக்கி, ஒரு மென்பொருளையும் வாங்கிப் போட்டார். அதைத் திறந்தால் திரைக்குள் ஒரு முழு ஆஸ்பத்திரி. வராந்தா, வார்டு, கட்டில், மருந்து அலமாரி எல்லாம் உண்டு. மாணவி தனக்கென்று ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே நடக்கலாம். நோயாளியிடம் பேசலாம், பல்ஸ் பார்க்கலாம், ட்ரிப் ஏற்றலாம், டாக்டரைக் கூப்பிடலாம். தப்புச் செய்தால் நோயாளி இறந்துவிடுவார். திரும்ப ஆரம்பித்தால் அதே கட்டிலில் உயிரோடு படுத்திருப்பார். ட்யூட்டர் பக்கத்தில் நிற்கவே வேண்டாம், பிள்ளைகள் தாங்களாகவே படித்துக்கொள்வார்கள் என்றார் அண்ணாச்சி.

அதில் வயிற்று ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் நரைத்த தலைக்காரர் ஒருவர் உண்டு. அவருக்கு உள்ளே ரத்தம் கசிய ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கவனித்து டாக்டரைக் கூப்பிட்டால் பிழைப்பார், இல்லாவிட்டால் போய்விடுவார். மென்பொருள்காரன் அவருக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தான். நம் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெள்ளைக்காரத் தாத்தா.

முதல் மாதம் எல்லோருக்கும் பச்சை நிறத்தில் மார்க் வந்தது. ஒவ்வொரு மாணவி என்ன செய்தாள், எத்தனை மார்க், நோயாளி பிழைத்தாரா என்று மென்பொருளே ரிப்போர்ட் போட்டுத் தந்துவிடும். முதல்வரம்மா அதை அச்செடுத்துப் பலகையில் ஒட்டினார். அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு லாலா கடை அல்வா வாங்கிக்கொடுத்தார். எனக்கு மட்டும் அல்வா இறங்கவில்லை. பல்ஸ் எண்ணத் தெரியாத பிள்ளைகள் கூடத் தாத்தாவைக் காப்பாற்றியிருந்தார்கள். முதல் பெஞ்சுக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஏட்டி, தாத்தாவுக்கு ஆக்சிஜன் எதுக்கு வச்சே?”

“அது நாலாவது மேடம்.”

“என்னது நாலாவது?”

“மொதல்ல கை கழுவணும், ரெண்டாவது பி.பி., மூணாவது ட்ரிப்பு, நாலாவது ஆக்சிஜன், அஞ்சாவது டாக்டருக்கு போன்.”

விஷயம் புரிந்துவிட்டது. யாரோ ஒருத்தி சரியான வரிசையைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள். மற்றவர்கள் அதை உருப்போட்டுவிட்டார்கள். கணக்குக்கே கைடு வைத்து மனப்பாடம் செய்து பன்னிரண்டாம் வகுப்புத் தாண்டி வந்த பிள்ளைகள் அல்லவா, தாத்தாவையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். அவர் முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. பட்டனைப் பார்த்தார்கள், பச்சை வந்ததா என்று பார்த்தார்கள், எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள்.

அந்தப் பலகையில் ஒரே ஒரு பெயர் சிவப்பாக இருந்தது. அது கோமதி. இந்த ஊர் அம்மன் பெயர் அது என்பதால் எந்த வகுப்பிலும் கோமதிக்குப் பஞ்சம் இருக்காது. அந்த இரண்டாம் வருஷ வகுப்பில் மூன்று பேர். இவள் இளையரசனேந்தல் கோமதி. அதிகம் பேச மாட்டாள். கட்டிலில் விரிப்பு விரித்தால் ஒரு மூலை தொங்கிக்கொண்டிருக்கும். அவள் உள்ளே போகும்போதெல்லாம் தாத்தா செத்திருந்தார். ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை.

முதல்வரம்மா என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஆனால் ரிப்போர்ட் என்று ஒன்று கையில் இருந்தால் அதைத் தாண்டி யோசிக்க மாட்டார்.

“இந்தப் பிள்ளையை வார்டு போஸ்டிங்குக்கு அனுப்ப முடியாது. நாளைக்கு நெசமாவே யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

வார்டு போஸ்டிங் என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சியை நிறுத்தினால் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் போய்விடும். மற்ற பிள்ளைகளுக்கு அது ஒரு வருஷம்தான். கோமதிக்கு அத்தோடு படிப்பே முடிந்தது. அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் அப்பா என் முன்னாலேயே சொன்னார். மானாவாரிக் காட்டில் மழையை நம்பிப் பாடுபடுகிற மனுஷன். “இவளுக்கு இது வரலன்னு தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன் டீச்சர். பெறகு ஒரு நாள்கூட விட மாட்டேன்.” அப்போது கோமதி தலையைக் குனிந்துகொண்டு தன் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வந்தால் முதலில் கால் நடக்கும், பிறகுதான் யார் மேல் என்று முடிவாகும். நேரே லேபுக்குப் போனேன். சாயங்காலம் ஹாஸ்டல் பிள்ளைகள் தாங்களாக வந்து உட்காரும் நேரம். கோமதி ஓரத்தில் இருந்தாள். திரையில் அவளுடைய உருவம் தாத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

“என்னட்டி, கோயில் சிலையா நீ? பி.பி. எடு, டாக்டரக் கூப்பிடு!”

“கொஞ்சம் பொறுங்க மேடம்,” என்றாள் திரும்பாமலே. “இப்பம் தண்ணி கேப்பாரு.”

தாத்தா ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டார்.

“இனி போர்வையப் பிடிச்சு இழுப்பாரு. பல்ஸ் ஏறும். ஆனா பி.பி.யப் பாருங்க, அது இன்னும் எறங்கல.”

சொன்னபடியே நடந்தது. தாத்தா போர்வையைப் பிடித்து இழுத்தார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். மறுபடியும் தண்ணீர் கேட்டார். திரையின் ஓரத்தில் பி.பி. எண் நல்ல பிள்ளை மாதிரி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தடதடவென்று விழுந்தது. அப்போது தாத்தா அசைவதை நிறுத்திவிட்டார். திரை சிவப்பாயிற்று.

நான் அவளைத் திட்டத்தான் வந்தேன். திட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

“எதுக்கு மக்கா இப்படிச் சாக விடுதே?”

“அவங்க சொல்லுத மாதிரி அஞ்சையும் அமுக்கினா தாத்தா பொழைச்சிருதாரு மேடம். ஆனா அவருக்கு என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்கி. எங்கன ஆரம்பிக்கி, எது மொதல்ல வருது, ஒண்ணும் தெரியல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நெசமான வார்டுல இப்படிக் கையக் கட்டிக்கிட்டு நின்னு பாக்க முடியுமா மேடம்? பாவம்லா? இங்கன மட்டுந்தான் பாவமில்லாம பாக்கலாம்.”

எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து, சுயமாகக் கற்றல் என்று எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். பாதி நேரம் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அது என்ன என்பதை இந்தப் பிள்ளை எனக்கு இரண்டே வரியில் சொல்லிவிட்டாள். மென்பொருள் அமுக்கியதற்கு மார்க் போட்டது. பார்த்ததற்குப் போட அதற்குத் தெரியவில்லை.

முதல்வரம்மாவிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேண்டுமென்றே சாக விட்டாள் என்றதும் இன்னும் பயந்துவிட்டார். கடைசியில், என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, ஒரு நிபந்தனையோடு விட்டார். கோமதி வார்டுக்குப் போகலாம், ஆனால் நான் கூடவே இருக்க வேண்டும். அவளால் சின்னக் குழப்பம் வந்தாலும் அன்றைக்கே அவள் அப்பாவுக்குப் போன் போகும். நான் சரி என்றேன். அவள் விரிப்பின் மூலையை நினைத்தால் எனக்கும் பயம்தான்.

நாங்கள் பிள்ளைகளை அனுப்புகிற ஆஸ்பத்திரி கோயிலுக்கு இந்தப் பக்கம். அன்றைக்கு ஆடித்தபசு, கோமதி அம்மன் தபசிருந்து சுவாமியின் காட்சி பெறுகிற திருவிழா. அந்த நாளில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இரண்டு கோமதிகளும் அம்மன் தபசு பார்க்க லீவு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் என்னோடு வார்டில் நின்றாள். கீழே, கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டியூட்டி டாக்டர் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாடியில் எங்கள் வார்டு அமைதியாக இருந்தது.

கோமதியிடம் ஒப்படைத்த கட்டிலில் வாசுதேவநல்லூர்க்காரப் பெண் ஒருத்தி. வயிற்றில் கட்டி முறுக்கிக்கொண்டு அன்று காலையில்தான் அவசரமாக ஆபரேஷன் ஆகியிருந்தது. சர்ஜன் ஆபரேஷனை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வீடு ரதவீதிக்கு அந்தப் பக்கம். கட்டிலுக்குத் துணையாக அந்தப் பெண்ணின் சித்தி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். புருஷனும் கொழுந்தனும் கீழே வாசலில்.

மத்தியானம் சாய்ந்த பிறகு கோமதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மேடம், அந்த அக்கா தாத்தா மாதிரி இருக்காங்க.”

“பி.பி. எவ்வளவு?”

“நல்லா இருக்கு.”

“பெறகென்ன?”

“தாத்தாவுக்கும் அப்பம் நல்லாத்தான் மேடம் இருந்துச்சு.”

போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் தலையணையில் தலையை உருட்டிக்கொண்டிருந்தாள். சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். தண்ணி, தண்ணி என்றாள். சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒண்ணுமில்லம்மா. வருசா வருசம் தவறாம ஆடிச்சுத்து சுத்துதவ. இந்த வருசம் கோயிலச் சுத்த முடியாமப் போச்சேன்னு மனசு கெடந்து அடிக்கி. மேளச் சத்தம் வேற கேக்குதுல்லா.”

இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்த அம்மா சொன்னது பொய் இல்லை. வேறு ஊர் நர்ஸ் நின்றிருந்தால் நம்பாமல் போகலாம். நம் ஊரில் நின்றால் நம்பத்தான் தோன்றும். ஆடி மாதம் பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கால் வீங்கி வருகிற பெண்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். வேண்டுதல் விட்டுப்போனால் தூக்கம் வராது. ஜன்னலுக்கு வெளியே மேளம் நிஜமாகவே கேட்டது. நோயாளியின் தவிப்புக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் நாம் தேடுவதில்லை. சொந்தக்காரர்கள் அன்போடு சொல்லும் காரணத்தைத்தான் நாம் அதிகம் கவனமாகக் கேட்க வேண்டும், அதிகம் கவனமாகச் சந்தேகப்படவும் வேண்டும்.

நான் படித்த காலத்தில் ஒரு வார்டு சிஸ்டர் இருந்தார். வார்டுக்குள் வந்ததும் முதலில் ஒவ்வொரு நோயாளியின் உள்ளங்காலையும் தொட்டுக்கொண்டே நடப்பார். ஏன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, கேட்டால் முறைப்பார். காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. உடம்பு ரத்தத்தை இழக்கும்போது முதலில் காலைத்தான் கைவிடும். நான் குனிந்து அந்தப் பெண்ணின் காலைத் தொட்டேன். சித்தி பதறிப்போனார்.

“ஐய, காலத் தொடாதீங்கம்மா! நீங்க பெரியவங்க.”

கால் சில்லென்று இருந்தது. ஆடி மாசத்து வெக்கையில், மாடி வார்டில், அந்தக் கால் அப்படி இருக்கக் கூடாது. பல்ஸ் கொஞ்சம் வேகம். கட்டிலில் தொங்கிய சிறுநீர் சேரும் பையில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. கட்டு உலர்ந்து சுத்தமாக இருந்தது. பி.பி. நான் எடுத்தபோதும் நன்றாகவே இருந்தது.

கீழே டியூட்டி டாக்டருக்கு இன்டர்காமில் சொன்னேன். பின்னால் யாரோ அலறிக்கொண்டிருந்தார்கள். “பி.பி. சரியா இருக்குல்ல மேடம்? ஆபரேஷன் வலியா இருக்கும். வலி ஊசி போடுங்க, வந்து பார்க்கிறேன்,” என்றார். அவர் மேல் குற்றமில்லை. எண்களை மட்டும் கேட்டால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். டியூட்டி சிஸ்டர் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஊசி போட்டால் அந்தப் பெண் அமைதியாகிவிடுவாள். அவள் அமைதியானால் நாங்களும் அமைதியாகிவிடுவோம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், போனை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன். சர்ஜனைக் கூப்பிட்டு, அவர் அந்தக் கூட்டத்தில் நீந்தி வந்து, அது வெறும் வலி என்று ஆகிவிட்டால் என் மானம் போகும். அது கிடக்கட்டும், என் மானம் பலமுறை போய்த் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் கோமதிக்கு அன்றோடு எல்லாம் முடியும். கம்ப்யூட்டரில் பார்த்த பொம்மையை வைத்து டாக்டரைக் கூப்பிட வைத்த பிள்ளை என்பார்கள். சாயங்காலமே அவள் அப்பா பஸ் ஏறிவிடுவார். அவளைப் பார்த்தேன். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தக் கட்டிலை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

“ஏட்டி, நிச்சயமாச் சொல்லுதியா?”

“பி.பி. விழுந்த பெறகு தாத்தா ஒரு தடவகூட எனக்குப் பொழைச்சதில்ல மேடம்.”

சர்ஜனுக்குப் போன் போட்டேன். அவருக்கும் என்னைப் போலவே மூக்குக்கு மேல் கோபம்.

“பி.பி. எவ்வளவும்மா?”

சொன்னேன்.

“பிறகு என்ன? வெளிய பாத்தீங்களா? ரதவீதியில எள்ளு போட்டா எண்ணெயா வரும்.”

“அதனாலதான் டாக்டர் இப்பமே கூப்பிடுதேன். கால் குளுந்து போச்சு, மூத்திரம் எறங்கல, தண்ணி தண்ணின்னு பொரளுதா. பி.பி. விழட்டும்னு இருந்தா இந்தக் கூட்டத்துல நீங்க வந்து சேர முடியாது.”

அந்தப் பக்கம் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

“வாரேன்.”

திரும்பினால், சித்தி டம்ளரில் தண்ணீரோடு நிற்கிறார். கோமதி அவருக்கு எதிரே கையை நீட்டிக்கொண்டு, பேச்சு வராமல் நிற்கிறாள்.

“ஒரு வாய் தண்ணிக்குத் தவிக்கா. இதக் குடுத்தா குடியா முழுகிரும்? பெத்த பிள்ளையா இருந்தா இப்படித் தடுப்பியாட்டி நீ?”

தாத்தா கட்டிலைச் சுற்றி யாரும் கிடையாது. மென்பொருள்காரன் ஊரில் நோயாளி தனியாகத்தான் படுத்திருப்பான் போலும். நம் ஊரில் ஒரு நோயாளி என்றால் ஒரு குடும்பம். அதைக் கோமதிக்குத் திரை சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

“தாயி, அவ தவிக்கது எனக்கும் தெரியுது. திரும்ப ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தா மயக்கத்துல இந்தத் தண்ணி மேல ஏறி நெஞ்சுக்குள்ள எறங்கிரும். இந்தாங்க பஞ்சு. நனைச்சு உதட்டுல மட்டும் ஒத்திக்கிட்டே இருங்க. வேற யாரு கையிலயும் குடுத்துராதீங்க. உங்கள நம்பித்தான் விடுதேன்.”

சித்தியின் முகம் மாறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சை வாங்கிக்கொண்டார். சொந்தக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள் பிள்ளைகளே, அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். வாசலில் நின்ற கொழுந்தனுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். சர்ஜன் வீட்டைச் சொல்லி, பைக்கைக் கொண்டு போ, பைக் போகாத இடத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா என்று அனுப்பினேன்.

அதற்குப் பிறகு வார்டில் நாங்கள் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைகள்தான். ட்ரிப்பை வேகமாக விட்டோம், ஆக்சிஜன் வைத்தோம், ரத்தத்துக்குச் சொன்னோம், தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னோம். வெளியே கொழுந்தனும் அவனோடு சேர்ந்துகொண்ட இளவட்டங்களும் “டாக்டரு வாராரு, வழி விடுங்க” என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்திருக்கிறார்கள். சர்ஜன் வார்டுக்குள் வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவர் அந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைக்கும்போதுதான் பி.பி. விழ ஆரம்பித்தது.

உள்ளே ரத்தக் குழாய் ஒன்றில் போட்டிருந்த கட்டு நழுவி, வயிறு முழுக்க ரத்தம். பிழைத்துக்கொண்டாள். தியேட்டரை விட்டு வெளியே வந்த சர்ஜன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் லேட்டா கூப்பிட்டிருந்தா எனக்கு இங்க வேலையே இருந்திருக்காது. யாரு பாத்தது?”

கோமதியை முன்னால் தள்ளினேன்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?”

“எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் சார் ஆச்சு.”

“அடடா. தாத்தா இப்போ எப்படி இருக்காரு?”

“தெனமும் செத்துப் போறாரு சார்.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இன்னொரு செருப்பைத் தேடிப் போய்விட்டார். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அது அழுகையாக மாறிவிட்டது. வயசானவள் வார்டு நடுவில் நின்று அழுவது நன்றாக இருக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சித்தி மட்டும் என்னை விடவில்லை.

“அந்தப் பிள்ள பேரு என்னம்மா?”

“கோமதி.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தபசுக் காட்சிக்கு ஜனங்கள் அம்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் மாடி வரைக்கும் வந்தது. அவர் கோமதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “அங்கன போகலியேன்னு இவ அழுதா. அம்மன் இங்கனல்லா நிக்கா,” என்றார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன். கோமதி கூச்சத்தில் நெளிந்துகொண்டு, தொங்கிக்கொண்டிருந்த விரிப்பின் மூலையைச் சொருகப் போனாள். அன்றைக்கும் அது சரியாக நிற்கவில்லை.

இருவரும் கல்லூரிக்குத் திரும்பினோம். கேட்டுக்கு வந்ததும், “அந்தச் சித்தி டம்ளரோட வந்தப்பம் எனக்கு ஒண்ணுமே சொல்ல வரல மேடம். தாத்தாவுக்கு யாருமே இல்லல்லா, அதான் எனக்குப் பழக்கமில்ல,” என்றாள். நான், அனுபவத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வதையே சொன்னேன். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. முதல்வரம்மா அன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் போஸ்டிங் சார்ட் வந்தபோது கோமதி பெயருக்குப் பக்கத்தில் நிபந்தனை எதுவும் இல்லை. பலகையில் ஒட்டியிருந்த ரிப்போர்ட்டையும் காணவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை லேபில் ஒரே கூச்சல். சண்டை என்று நினைத்து ஓடினேன். நாலைந்து பிள்ளைகள் ஆளுக்கொரு கம்ப்யூட்டரில், ஹெட்போனோடு. ஒரே வார்டுக்குள் எல்லோரும் சேர்ந்து நுழையலாம் என்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். திரையில் தாத்தா கட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம். கோட்டுப் போட்டுத் தாடி வைத்த வெள்ளைக்காரன் உருவத்தில் ராயகிரிப் பிள்ளை ஒருத்தி நின்று, “ஐயோ எங்க அண்ணன் தண்ணிக்குத் தவிக்காரே, உங்களுக்கெல்லாம் ஈரமே இல்லியா” என்று மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி எப்போது டிஸ்சார்ஜ் என்று நச்சரித்தாள். மூன்றாவது ஆள் இட்லிப் பொட்டலத்தோடு வந்திருப்பதாகச் சொல்லிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடுவில் கோமதி அவர்களையும் சமாளித்துக்கொண்டு தாத்தாவையும் பார்க்கப் படாதபாடு பட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மென்பொருள்காரன் விட்டுவிட்ட சொந்தக்காரர்களை அவர்களே கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார்கள்.

அந்த மாதம் வகுப்பு மொத்தமும் சிவப்பு. எல்லோரும் கோமதி மாதிரியே பட்டனை விட்டுவிட்டுத் தாத்தாவை நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அண்ணாச்சி கவலையோடு வந்தார். “என்ன மேடம், சரக்கு ரிப்பேரா?” என்றார். “இப்பந்தான் சரியா ஓடுது அண்ணாச்சி,” என்றேன். இரண்டு மாதம் கழித்து முதல்வரம்மாவே ஒருநாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தாத்தாவின் மாமியாராக உள்ளே போனார். அவரைச் சமாளிக்க ஒருத்தியாலும் முடியவில்லை. கோமதி படிப்பை முடித்தாள். அவள் அப்பா பட்டமளிப்பு அன்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அதற்காக அந்த அறையைப் பெரிய கோயிலாக்கிவிடாதீர்கள். திரையில் தாத்தாவின் கால் சில்லென்று இருக்காது. அதற்கு வார்டுக்குத்தான் போக வேண்டும், குனியத்தான் வேண்டும். ஆனால் நின்று பார்ப்பதற்கு, பயமில்லாமல் தோற்பதற்கு, எங்கே தவறியது என்று தனியாக உட்கார்ந்து யோசிப்பதற்கு, நம் பிள்ளைகளுக்கு வேறு இடம் கிடையாது. பரீட்சை ஹாலில் கிடையாது, பலருக்கு வீட்டிலும் கிடையாது. அந்த இடத்தில் நீங்கள் மார்க்கைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். பலகையில் எதையும் ஒட்டாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று, மாலை மரியாதையெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக ஒருதரம் அந்த லேபை எட்டிப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி சிவந்த திரைக்கு முன்னால் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். “தாத்தாவக் கொன்னுட்டேன்க்கா, கொன்னுட்டேன்,” என்றாள். கால் பழக்கத்தில் உள்ளே போகப் பார்த்தது. பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த சீனியர் பிள்ளை ஹெட்போனைக் கழற்றிவிட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

“அழாத ஏட்டி. சாகதுக்கு முன்னாடி என்ன கேட்டாரு?”

விசும்பல் நின்றது. அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“தண்ணி கேட்டாரு.”

“கேட்டாருல்லா? அப்பம் அங்கன இருந்து திரும்ப ஆரம்பி.”